நாஜி அலுவலகக் கோப்புகளும் ரவுல் ஹில்பர்க்கும்: ஒரு கல்வி வாழ்க்கையின் நிகழ்வு ஆய்வு

1961-ல் சிகாகோவில் குவாட்ராங்கிள் புக்ஸ் என்ற சிறிய பதிப்பகம் ஒரு கனமான புத்தகத்தைக் கொண்டுவந்தது. 788 பக்கம், பக்கத்துக்கு இரண்டு பத்தியாக அச்சு. ‘ஐரோப்பிய யூதர்களின் அழிப்பு’ என்பது தலைப்பு. எழுதியவர் ரவுல் ஹில்பர்க். அப்போது அவருக்கு வயது 35. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் கற்பித்துக்கொண்டிருந்தார். நாஜி அரசு யூதர்களை எப்படிக் கொன்றது என்று படிக்கத் தொடங்குகிறவர்கள் இன்றும் முதலில் திறக்கும் புத்தகங்களில் ஒன்று அது.

அந்தப் புத்தகத்தின் கரு 1955-லேயே முனைவர் பட்ட ஆய்வேடாகக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஏற்கப்பட்டுவிட்டது. முழு நூல் அச்சேற ஆறு ஆண்டுகள் ஆயின. ஜெர்மன் மொழியில் வர மேலும் 21 ஆண்டுகள். ஹீப்ரு மொழியில் வந்தது 2012-ல், அதாவது 51 ஆண்டுகள் கழித்து; அதற்குள் ஆசிரியர் காலமாகி ஐந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. இத்தனைக்கும் ஆய்வின் தரத்தில் யாருக்கும் பெரிய சந்தேகம் இருக்கவில்லை. அப்படியானால் தடை எங்கே இருந்தது என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

என் கருத்து இதுதான். ஹில்பர்க் கேட்ட கேள்வி யாருக்கும் வசதியானதாக இல்லை. எந்த அலுவலகம், எந்த அதிகாரி, எந்தத் தாள் என்று அவர் கேட்டார். ஜெர்மானியர்களுக்கும் அது கசந்தது, யூத நிறுவனங்களுக்கும் கசந்தது, அமெரிக்கக் கல்வித்துறைக்கு அது தேவையாகவே படவில்லை. அவருடைய கல்வி வாழ்க்கை எடுத்த வடிவம் முழுவதையும் அந்த ஒரு கேள்வியிலிருந்து விளங்கிக்கொள்ள முடியும்.

வியன்னாவிலிருந்து கொலம்பியா வரை

ஹில்பர்க் 1926-ல் வியன்னாவில் பிறந்தவர். பெற்றோர் கிழக்கு ஐரோப்பாவின் கலீசியாப் பகுதியிலிருந்து வந்த யூதர்கள். 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டபின் குடும்பம் வீட்டை இழந்தது. 1939-ல் பிரான்ஸ் வழியாகக் கியூபாவுக்குப் போனார்கள். அங்கிருந்து சிறுவன் ரவுல் ஃபுளோரிடாவில் வந்து இறங்கிய நாள் 1939 செப்டம்பர் 1, போர் தொடங்கிய அதே நாள். பின்வந்த ஆண்டுகளில் ஐரோப்பாவில் தங்கிவிட்ட உறவினர்களில் பலர் கொல்லப்பட்டார்கள்.

1944-ல் அமெரிக்கப் படையில் சேர்க்கப்பட்டு ஜெர்மனிக்குப் போனார். ம்யூனிக்கில் நாஜிக் கட்சியின் பழைய கட்டடம் ஒன்றில் அவருடைய பிரிவு தங்கியபோது, ஹிட்லரின் சொந்த நூலகத்தின் ஒரு பகுதி பெட்டிகளில் அடைத்துக் கிடந்ததைப் பார்த்தார். எழுதி வைக்கப்பட்ட தாள்கள் மீது அவருக்கு வாழ்நாள் முழுக்க இருந்த பிடிப்பின் தொடக்கமாக இந்தச் சம்பவத்தைப் பலரும் சொல்வார்கள். எனக்கோ அதைவிட முக்கியமாகப் படுவது, ஊர் திரும்பியபின் புரூக்ளின் கல்லூரி வகுப்பறையில் நடந்த ஒன்று.

அங்கே ஹான்ஸ் ரோசன்பெர்க் பாடம் எடுத்தார். பிரஷ்ய அதிகார வர்க்கத்தின் வரலாற்றில் பெரிய அறிஞர், அவரும் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர். நவீன காலத்தில் குடிமக்கள்மீது நடந்த மிகக் கொடிய வன்முறை நெப்போலியன் படைகள் ஸ்பெயினில் செய்தது என்று ஒரு நாள் வகுப்பில் சொன்னார். ஹில்பர்க் குறுக்கிட்டு, 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டது கணக்கில் வராதா என்று கேட்டார். அது சிக்கலான விஷயம், ஆனால் இந்தப் பாடம் 1930-ஓடு நிற்கிறது என்பதுபோல் பதில் வந்தது. தானே அகதியாக வந்த ஒரு பேராசிரியர், முடிந்து சில ஆண்டுகள்கூட ஆகாத ஒரு பேரழிவைப் பாடத்திட்டத்துக்கு வெளியே வைக்கிறார். ரோசன்பெர்க்கைத் தனியாகக் குறை சொல்வது நியாயம் ஆகாது. அன்று துறை முழுவதும் அப்படித்தான் இருந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அரசு என்றால் அலுவலர்கள், விதிகள், படிநிலை என்று பார்க்கும் பார்வையை ஹில்பர்க் கற்றுக்கொண்டதும் அதே வகுப்பில்தான்.

கொலம்பியாவில் அவர் தேடிப்போன ஆசிரியர் ஃபிரான்ஸ் நொய்மான். நாஜி ஆட்சி ஒரே தலைவன் இயக்கிய ஒற்றைப் பாறை அல்ல. கட்சி, படை, அமைச்சகங்கள், தொழில்துறை என்ற நான்கு அதிகாரக் கூட்டங்கள் தமக்குள் பேரம் பேசி நடத்திய ஏற்பாடு என்று போர்க்காலத்திலேயே எழுதியவர் நொய்மான். ஹில்பர்க் அந்தச் சட்டகத்தை எடுத்துக்கொண்டு ஒரு படி மேலே போனார். தமக்குள் இழுபறியில் இருந்த இந்த நான்கு கூட்டங்களும் யூதர்களை அழிக்கும் வேலையில் மட்டும் எப்படி ஒத்துழைத்தன என்று கேட்டார். முதுகலை ஆய்வேட்டில், யூதச் சமூகத் தலைமைகளின் ஒத்துழைப்பு பற்றி ஒரு பகுதி எழுதியிருந்தார். அதைத் தாங்க முடியாது, வெட்டிவிடு என்றார் நொய்மான். முனைவர் பட்டத்துக்கும் இதே பொருள்தான் என்று மாணவர் பிடிவாதமாக நின்றபோது சம்மதித்தார். ஆனால் உன் சாவை நீயே தேடிக்கொள்கிறாய் என்ற பொருளில் ஒரு வார்த்தையும் சொன்னார். இந்தப் பொருளை எடுத்தால் வேலை கிடைக்காது என்பதுதான் அதன் நேரடி அர்த்தம். 1954-ல் நொய்மான் சுவிட்சர்லாந்தில் கார் விபத்தில் இறந்தார். ஹில்பர்க்குக்காகப் பரிந்து பேசக்கூடிய ஒரே பெரிய மனிதரும் அத்தோடு போனார்.

தாள்கள் சொன்னது

ஹில்பர்க்கின் மூலச் சரக்கு, போருக்குப் பின் நாஜித் தலைவர்கள்மீது நடந்த நியூரம்பர்க் விசாரணைகளுக்காகத் திரட்டப்பட்ட ஆவணங்கள். அதோடு 1950-களின் தொடக்கத்தில் வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்சாண்டிரியாவில், கைப்பற்றப்பட்ட ஜெர்மன் கோப்புகளை ஆராயும் அரசுத் திட்டம் ஒன்றில் வேலை பார்த்தார். அங்கே அவர் கையில் வந்தவை பெரும்பாலும் சாதாரண அலுவலகத் தாள்கள்: சுற்றறிக்கை, நகல், ஒப்புதல் குறிப்பு, பில். கொலைவெறிப் பேச்சுகளை மற்றவர்கள் தேடிக்கொண்டிருந்தபோது அவர் இந்தத் தாள்களைப் படித்தார்.

அவற்றிலிருந்து அவர் கண்ட ஒழுங்கு எளிமையானது, பயங்கரமானது. முதலில் யார் யூதர் என்று சட்டப்படி வரையறுக்க வேண்டும். அதன்பின் வேலையையும் சொத்தையும் பிடுங்கலாம். அப்புறம் ஓரிடத்தில் குவிக்கலாம். கடைசியில் கொல்லலாம். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கான வேலையைச் சுலபமாக்கியது. 1935 நவம்பரில் உள்துறை அமைச்சகத்தில் உட்கார்ந்து, தாத்தா பாட்டிகளில் எத்தனை பேர் யூதர் என்று கணக்குப் போட்டு விதி எழுதிய அதிகாரி கொலையைப் பற்றி யோசித்திருக்கத் தேவையில்லை. அந்த விதி இல்லாமல் பின்னால் வந்த எதுவும் நடந்திருக்கவும் முடியாது.

1941 நவம்பர் 25-ல் வந்த ஓர் ஆணையைப் பாருங்கள். வெளிநாட்டில் வசிக்கும் யூதர் ஜெர்மன் குடியுரிமையை இழப்பார், அவருடைய சொத்து அரசுக்குச் சேரும் என்றது அது. படிக்கும்போது ஓடிப்போனவர்களைக் குறிவைத்த விதி போலத் தெரியும். நடைமுறையில், நாடுகடத்தும் ரயில் எல்லையைத் தாண்டிய உடனே உள்ளே இருந்தவர்கள் ‘வெளிநாட்டில் வசிப்பவர்’ ஆகிவிட்டார்கள். வீடு, வங்கிக் கணக்கு, காப்பீடு எல்லாம் தனித்தனி வழக்கு எதுவும் இல்லாமல் நிதித்துறை கைக்குப் போயின. இதை எழுத ஒரு சட்ட மூளை தேவைப்பட்டது. நிறைவேற்ற வரி அலுவலகக் குமாஸ்தாக்கள் தேவைப்பட்டார்கள். இருவரும் யாரையும் அடிக்கவில்லை.

ரயில்வே பற்றிய அவருடைய வேலையைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். 1976-ல் இதைத் தனிக் கட்டுரையாகவும் எழுதினார். ஜெர்மன் ரயில்வே யூதர்களைக் கொலை முகாம்களுக்குக் கொண்டுபோனது பயணிகள் கட்டணத்தில். மூன்றாம் வகுப்பு, கிலோமீட்டருக்கு 4 ஃபெனிக் (ஜெர்மன் சில்லறைக் காசு). பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பாதிக் கட்டணம், நான்கு வயதுக்குக் குறைந்தால் இலவசம். 400 பேருக்கு மேல் ஏற்றினால் குழுச் சலுகை உண்டு, பாதி விலை. ஏற்றப்பட்டவர்களுக்கு ஒருவழி டிக்கெட், காவலர்களுக்கு மட்டும் திரும்பி வரவும் டிக்கெட். பில் போக வேண்டிய இடம் ஆட்களை அனுப்பிய துறை. சில இடங்களில் கணக்கைப் பார்த்துக்கொண்டது, விடுமுறைப் பயணிகளுக்கு டிக்கெட் போட்டுக்கொடுத்த அதே பயண முகவர் நிறுவனம். கொல்லப்படப்போகும் ஒரு குழந்தைக்கு வயது பார்த்துச் சலுகை கணக்கிட்ட மேசை ஒன்று இருந்தது என்பதை இதற்கு முன் யாரும் இவ்வளவு துல்லியமாகக் காட்டவில்லை.

1985-ல் வெளிவந்த க்ளோட் லான்ஸ்மானின் ‘ஷோவா’ ஆவணப்படத்தில் ஹில்பர்க் இப்படி ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு விளக்குகிறார். ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குப் போன வண்டிகளின் கால அட்டவணை அது, எண் 587. போகும்போது எத்தனை பெட்டி, எந்த நிலையம், எத்தனை மணி. திரும்பும்போது வண்டி காலி என்ற குறிப்பு. ரகசிய முத்திரைகூடப் பெரிதாக இல்லாத, வழக்கமான ரயில்வே அட்டவணை. படத்தில் சாட்சி சொன்னவர்களிலேயே, நடந்த எதையும் நேரில் பார்க்காமல் அந்த அளவுக்கு நம் மனத்தில் நிற்பவர் அவர் ஒருவர்தான்.

மறுப்புக் கடிதங்கள்

ஆய்வேட்டுக்குக் கொலம்பியாவில் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசோடு வெளியீட்டு வாய்ப்பும் இருந்தது. ஆனால் ஆய்வேடு முழுக் கைப்பிரதியின் ஒரு பகுதிதான். முழுவதும் வர வேண்டும் என்று ஹில்பர்க் உறுதியாக நின்றார். வேலை தேடிக்கொண்டிருந்த, போர்ட்டோ ரிக்கோவில் ஓராண்டு கற்பித்துவிட்டு வந்த ஓர் இளைஞர் எடுத்த முடிவு அது. அதைப் பிடிவாதம் என்று சொல்லலாம். நான் அதை மதிக்கிறேன். பாதிப் புத்தகம் வந்திருந்தால், வரையறையிலிருந்து கொலைக்கூடம் வரை நீளும் சங்கிலி உடைந்திருக்கும், அவர் வாதமே அந்தச் சங்கிலிதான்.

கொல்லப்பட்ட யூதர்களின் நினைவுக்கும் ஆய்வுக்குமாக ஜெருசலேமில் உள்ள யாத் வஷெம் நிறுவனம் 1958 ஆகஸ்டில் மறுத்தது. கடிதத்தில் இரண்டு காரணம் சொன்னார்கள். நூல் கிட்டத்தட்ட முழுக்க ஜெர்மன் மூலங்களையே நம்பியிருக்கிறது என்பது ஒன்று. யூத எதிர்ப்புப் போராட்டம் பற்றிய மதிப்பீட்டை ஏற்க முடியாது என்பது இன்னொன்று. 1959-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் மறுத்தது. இந்தப் பொருளில் ஏற்கெனவே வந்த நூல்கள் போதும், பொது நிர்வாகம் பற்றிய ஆய்வாகப் பார்த்தாலும் இது முக்கியமான பங்களிப்பு இல்லை என்றது. அந்தப் பதிப்பகத்துக்காகக் கைப்பிரதியைப் படித்துக் கருத்து சொன்னவர் அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் என்பது ஹில்பர்க்குக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதே அரெண்ட், யூதர்களை நாடுகடத்தும் வேலையை ஒருங்கிணைத்த நாஜி அதிகாரி ஐக்மன்மீது நடந்த வழக்கு பற்றி 1963-ல் எழுதிய நூலில் ஹில்பர்க்கின் புத்தகத்தைப் பெரிதும் சார்ந்திருந்தார். இது ஹில்பர்க்கைக் கடைசிவரை உறுத்தியது. தன் நினைவுக்குறிப்பில் அதை மறைக்கவும் இல்லை.

கடைசியில் நூலை அச்சுக்குக் கொண்டுவந்தது செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து அகதியாக வந்த ஃபிராங்க் பெட்செக் என்பவரின் பணம். நூலகங்களுக்குப் பிரதிகள் கொடுப்பதற்காக அவர் 15,000 டாலர் தந்தார். ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகமும் செய்யாததை ஒரு தனிமனிதர் செய்தார். நூல் வந்த ஆண்டு ஜெருசலேமில் ஐக்மன் வழக்கு நடந்துகொண்டிருந்த ஆண்டு என்பதும் சேர்ந்துகொண்டது. 1962-ல் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் ‘காமென்டரி’ என்ற அமெரிக்க இதழில் பாராட்டி எழுதியபின் புத்தகம் பரவலாகத் தெரிய வந்தது.

பர்லிங்டனில் 35 ஆண்டுகள்

ஹில்பர்க் 1956-ல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1991-ல் அங்கிருந்தே ஓய்வு பெற்றார். பல்கலைக்கழகம் இருக்கும் பர்லிங்டன் சின்ன ஊர். அவர் இருந்தது அரசியல் அறிவியல் துறை. சர்வதேச உறவு, அமெரிக்க வெளியுறவுக் கொள்கை போன்ற பாடங்களே அவருடைய அன்றாட வேலை. யூத அழிப்பு பற்றித் தனிப் பாடம் எடுக்க 1970-கள் வரை காத்திருந்தார். முனைவர் பட்ட மாணவர்களை வளர்த்து ஒரு குழாத்தை உருவாக்கும் வாய்ப்பு அந்தத் துறையில் இல்லை. வரலாற்றாசிரியர்களின் அமைப்பும் அவரை நீண்டகாலம் தங்களில் ஒருவராக எண்ணவில்லை.

ஆனாலும் அவருக்குப் பின் ஒரு தலைமுறை வந்தது. அவர்களை அவர் வகுப்பறை உருவாக்கவில்லை, புத்தகம் உருவாக்கியது. கிறிஸ்டோபர் பிரவுனிங்கை எடுத்துக்கொள்ளலாம். ஹில்பர்க்கைப் படித்த வேகத்தில், ஜெர்மன் வெளியுறவு அமைச்சகத்தில் யூத விவகாரம் பார்த்த அதிகாரிகளைப் பற்றி முனைவர் ஆய்வு செய்ய விரும்பினார். நல்ல பொருள்தான், ஆனால் தொழில்ரீதியாக எதிர்காலம் இல்லை என்று அவருடைய வழிகாட்டியும் எச்சரித்தார். நொய்மான் சொல்லி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியும் நிலைமை மாறவில்லை. பிரவுனிங் கேட்கவில்லை. போலந்தில் கொலைகளைச் செய்த ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் ஒன்றைப் பற்றி அவர் 1992-ல் வெளியிட்ட நூலை ஹில்பர்க்குக்கே சமர்ப்பித்தார்.

அரசு சார்ந்த வேலைகளும் வந்தன. அதிபர் கார்ட்டர் 1978-ல் அமைத்த யூதப் பேரழிப்பு ஆணையத்தில் இடம்பெற்றார். அமெரிக்காவில் ஒளிந்து வாழ்ந்த நாஜிக் குற்றவாளிகள்மீதான வழக்குகளில் நிபுணராகச் சாட்சி சொன்னார். ஒரு தாளில் இருக்கும் சுருக்கெழுத்து எந்த அலுவலகத்தைக் குறிக்கும் என்று நீதிமன்றத்தில் சொல்லக்கூடியவர்கள் அன்று அதிகம் பேர் இல்லை.

எங்கே சறுக்கினார்

யாத் வஷெம் சொன்ன குறைகளை வெறும் உணர்ச்சி என்று தள்ள நான் தயாரில்லை. 1961 நூலில் ஹில்பர்க், யூதர்கள் இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கத்தால் மனு கொடுப்பது, பணிந்துபோவது என்ற வழியிலேயே நின்றார்கள், நாஜிகள் அமைத்த யூத மன்றங்கள் அழிப்பு எந்திரத்தின் கருவி ஆயின என்று எழுதினார். யூதர்களை அடைத்து வைத்த கெட்டோ என்ற குடியிருப்புகளில் உயிர்பிழைத்தவர்கள் இதைப் படித்து எவ்வளவு புண்பட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்க முடிகிறது. 1967-ல் யாத் வஷெம் ஆய்விதழில் நேத்தன் எக் எழுதிய கட்டுரை, இது வரலாற்று ஆராய்ச்சியா அவதூறா என்றே தலைப்பில் கேட்டது.

குறை எங்கே இருக்கிறது என்றால், அந்த மன்றங்களை ஹில்பர்க் பெரும்பாலும் ஜெர்மன் தாள்கள் வழியாகவே பார்த்தார். கொல்பவரின் கோப்பில் கொல்லப்படுபவர் எண்ணாகவும் மனுவாகவும்தான் இருப்பார். அவர் இரவில் என்ன நினைத்தார் என்பது அங்கே இருக்காது. 1972-ல் ஐசையா ட்ரங்க் யூதத் தரப்பு ஆவணங்களை வைத்து எழுதிய நூல், மன்றங்கள் ஊருக்கு ஊர் எவ்வளவு வேறுபட்டிருந்தன என்று காட்டியது. அதன்பின் ஹில்பர்க்கே அந்தப் பக்கம் திரும்பினார். வார்சா மன்றத் தலைவர் ஆடம் செர்னியாகோவ், பெரும் நாடுகடத்தல் தொடங்கிய மறுநாள், 1942 ஜூலை 23 அன்று தற்கொலை செய்துகொண்டவர். அவருடைய நாட்குறிப்பை வெர்மான்ட் சக ஆசிரியர் ஸ்டானிஸ்லாவ் ஸ்டாரோனுடனும் யாத் வஷெமைச் சேர்ந்த ஜோசஃப் கெர்மிஷுடனும் சேர்ந்து 1979-ல் ஆங்கிலத்தில் பதிப்பித்தார். ‘ஷோவா’ படத்தில் அந்த நாட்குறிப்பைப் பற்றி அவர் பேசும் இடங்களில் 1961-ன் கடுமை தெரியாது. தன்னால் முடிந்ததையெல்லாம் செய்து தோற்ற ஒரு மனிதரைப் பற்றிப் பேசும் பரிவு தெரியும்.

இன்னொரு மாற்றமும் உண்டு. முதல் பதிப்பில் ஹிட்லரின் ஆணைக்கு இருந்த இடம் 1985-ல் மூன்று தொகுதியாக வந்த திருத்தப் பதிப்பில் சுருங்கியது. மேலிருந்து கட்டளை வரும்வரை காத்திருக்காமலே அலுவலர்கள் ஒருவர் மனத்தை ஒருவர் புரிந்துகொண்டு நகர்ந்தார்கள் என்ற பக்கம் அவர் சாய்ந்தார். கொல்லப்பட்டோர் எண்ணிக்கையில் மட்டும் அவர் அசையவில்லை. பொதுவாகச் சொல்லப்படும் 60 லட்சம் அல்ல, தாள்களிலிருந்து தனக்குக் கிடைப்பது 51 லட்சம் என்றார், கடைசிவரை அதிலேயே நின்றார்.

ஜெர்மனியில் நடந்தது

ட்ரோமர் க்னவுர் என்ற ம்யூனிக் பதிப்பகம் 1963-ல் மொழிபெயர்ப்புக்கு ஒப்பந்தம் போட்டது. 1965-ல் பின்வாங்கியது. யூத மன்றங்கள் பற்றிய பகுதிகள் யூத வெறுப்பாளர்களுக்குத் தீனியாகிவிடும் என்று காரணம் சொன்னார்கள். ஜெர்மானியர்களின் குற்றத்தைத் துறை துறையாக, பெயர் சொல்லி எழுதிய ஒரு நூலை, யூதர்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லி ஜெர்மன் வாசகர்களிடமிருந்து விலக்கி வைத்தார்கள். நூலில் பெயர் வரும் அதிகாரிகள் பலர் அப்போது உயிரோடு இருந்தார்கள், பென்ஷன் வாங்கிக்கொண்டும் இருந்தார்கள்.

கடைசியில் 1982-ல் உல்ஃப் வோல்ட்டர் என்பவரின் சிறிய பெர்லின் பதிப்பகம் துணிந்து வெளியிட்டது. 1990-ல் ஃபிஷர் பதிப்பகம் மலிவுப் பதிப்பாக மூன்று தொகுதிகளைக் கொண்டுவந்தபின்தான் நூல் ஜெர்மன் மாணவர்களின் கைக்குப் பரவலாகப் போனது.

இதில் ஒரு பகுதி வெகுகாலம் வெளியே வரவில்லை. 2017-ல் வரலாற்றாசிரியர் கெட்ஸ் ஆலி, ம்யூனிக்கில் உள்ள சமகால வரலாற்று நிறுவனத்தின் பழைய மதிப்பீட்டுக் குறிப்புகளை வெளிக்கொண்டுவந்தார். நாஜிக் காலத்தை ஆராய்வதற்கென்றே போருக்குப் பின் அமைக்கப்பட்ட நிறுவனம் அது. 1960-களிலும் மறுபடி 1980-லும், இந்த நூலை மொழிபெயர்க்க வேண்டாம் என்று பதிப்பகங்களுக்கு அது ஆலோசனை சொல்லியிருக்கிறது. அதே சமயம் அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஹில்பர்க்கின் வேலையை நன்றாக அறிந்திருந்தார்கள். ஆக, தடுத்தது பதிப்பகத்தின் வியாபாரக் கணக்கு மட்டும் இல்லை, அவருடைய சொந்தத் துறையைச் சேர்ந்தவர்களின் எழுத்துபூர்வமான மதிப்பீடும்தான். ஹில்பர்க் 2007 ஆகஸ்ட் 4-ல் வெர்மான்டில் காலமாகிவிட்டதால் அந்தத் தாள்களை அவர் பார்க்கவில்லை. ஹீப்ரு மொழிபெயர்ப்பையும் அவர் பார்க்கவில்லை. 2012-ல் அதை வெளியிட்டது, 1958-ல் கைப்பிரதியைத் திருப்பி அனுப்பிய அதே யாத் வஷெம்.